கணக்குப்பிள்ளையின் மொழி

சென்னையிலோ கோவையிலோ பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு, யாருக்கு எந்தத் தொழில்நுட்பத்தில் பயிற்சி என்று பட்டியல் வரும் நாள் முக்கியமான நாள். ஜாவா கிடைத்தவர் நிம்மதி அடைவார். டேட்டா, கிளவுட் என்று கிடைத்தவர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வார். பெரிய நிறுவனங்களின் பெருங்கணினியான மெயின்ஃபிரேம் என்று வந்தவரின் முகம் வாடிவிடும். அதில் ஓடும், தன் பெற்றோர் பிறப்பதற்கு முன்பே உருவான கோபோல் என்ற மொழியைப் படிக்க வேண்டியிருக்கிறதே, படித்துவிட்டு இதிலேயே மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்ற கவலை அவருக்கு. அது நியாயமான கவலை. அவரிடம் இரண்டு விதமாகப் பேசுவார்கள். அது செத்த மொழி, எப்படியாவது வேறு புராஜெக்டுக்கு மாறிவிடு என்பார்கள் சிலர். வங்கிகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன, ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள், கற்றால் பணம் கொட்டும் என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சுமே அந்த மொழி எதற்காகப் பிறந்தது, எப்படி இத்தனை காலம் நீடித்தது என்ற வரலாற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வரலாற்றைப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை வேறு. எழுதுவதற்காகக் கோபோல் கற்க வேண்டிய காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. வாசிப்பதற்காகக் கற்க வேண்டிய காலம் இது. அதன் பெறுமதி அதன் இலக்கணத்தில் இல்லை, அந்த மொழியில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் கணக்குகளில் இருக்கிறது.

1950களின் கடைசியில் கணினி வாங்கிய நிறுவனங்களுக்குக் கணினியின் விலையைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஒவ்வொரு தயாரிப்பாளரின் இயந்திரமும் தனக்கென ஒரு குறிமுறையை வைத்திருந்தது. யூனிவாக்குக்கு எழுதிய சம்பளக் கணக்கு ஐபிஎம் இயந்திரத்தில் ஓடாது. ஐபிஎம்முக்கு எழுதியது ஆர்சிஏவில் ஓடாது. இயந்திரத்தை மாற்றினால் நிரல்களை அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டும். பரோஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மேரி ஹாவ்ஸ், வணிகக் கணக்குகளுக்கு எல்லா இயந்திரங்களிலும் ஓடும் பொது மொழி ஒன்று வேண்டும் என்று கேட்டார். 1959 ஏப்ரலில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிலர் கூடிப் பேசினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையை அணுகுவது என்று முடிவாயிற்று. அந்தத் துறையிடம் அப்போது 225 கணினிகள் இருந்தன, இன்னும் 175 கணினிகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பொது மொழி இல்லாததன் செலவு அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மே 28, 29 தேதிகளில் பென்டகனில் சார்லஸ் பிலிப்ஸ் தலைமையில் கூட்டம் நடந்தது.

அந்த முயற்சியில் குறுகிய காலக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். இருக்கிற மொழிகளை ஆராய்ந்து சில மாதங்களில் தற்காலிக ஏற்பாடு ஒன்றைச் செய்வது அதன் வேலை. நிலையான மொழியை வேறொரு குழு பிறகு நிதானமாக உருவாக்கிக்கொள்ளும் என்பது எண்ணம். தற்காலிகமாகச் செய்ததுதான் நிலைத்தது. சில்வேனியா நிறுவனத்தின் ஜீன் சம்மெட், ஐபிஎம்மின் கெர்ட்ரூட் டியர்னி, முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்றான எனியாக்கில் நிரல் எழுதிய பெட்டி ஹோல்பர்ட்டன், ஆர்சிஏவின் ஹோவர்ட் பிரோம்பர்க் ஆகியோர் உழைத்தவர்களில் சிலர். பெண்கள் இத்தனை பேர் முன்வரிசையில் நின்று உருவாக்கிய தொழில்நுட்பம் அந்தக் காலத்தில் அரிது. கிரேஸ் ஹாப்பரைக் கோபோலின் தாய் என்று எழுதுவது வழக்கம். அந்தப் பட்டம் ஹாப்பருக்குப் பொருந்தாது என்று சம்மெட் மறுத்தார். ஹாப்பர் அந்தக் குழுவில் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. ஆனால் அவருடைய குழு யூனிவாக்குக்காக உருவாக்கியிருந்த ஃப்ளோமேட்டிக் என்ற மொழிதான் கோபோலுக்கு அடித்தளம். இயந்திரக் கட்டளைகளைச் சாதாரணச் சொற்களில் எழுதலாம் என்பது அவர் பல ஆண்டுகள் தனியாக நின்று வாதாடிய கருத்து. ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களைக் கொடுத்தாலும், நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தன் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும் என்று காட்டியபோது நிறுவன மேலாளர்கள் மிரண்டுபோனார்கள் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சொற்கள் இயந்திரத்துக்கு வெறும் அடையாளங்கள், அவை எந்த மொழியிலும் இருக்கலாம் என்பதே அவர் காட்ட வந்தது. தமிழிலும் இருந்திருக்கலாம்.

சாதாரணச் சொற்களில் எழுதினால் மேலாளர்களே நிரலை வாசித்துச் சரிபார்ப்பார்கள் என்று அன்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. எந்த வங்கியின் தலைமை மேலாளரும் வட்டிக் கணக்கு நிரலை எடுத்து வைத்து வாசித்ததாகத் தெரியவில்லை. இதைக் காட்டிக் கோபோலின் அடிப்படையே தோற்றது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் யார் வாசித்தார்கள் என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் வாசித்தார். அவருக்குப் பின் வந்தவரும் வாசித்தார். கோபோல் நிரலில் பிரிவுகள் உண்டு, பத்திகள் உண்டு, வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி உண்டு. மேலாளருக்காக யோசித்த அந்த உரைநடை அமைப்பு, முகம் தெரியாத அடுத்த நிரலருக்குப் பயன்பட்டது. இந்த மொழியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

மொழியின் இன்னொரு பலம் அதன் தரவுப் பிரிவு, டேட்டா டிவிஷன். கட்டளைகளுக்கு முன்னால், கோப்பில் உள்ள ஒவ்வொரு விவரமும் எத்தனை எழுத்து, எத்தனை இலக்கம், எது எதற்குள் அடங்கும் என்று இங்கே முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும். பிக்சர் என்ற சொல்லை வைத்தே அதைச் செய்தார்கள். 9 என்று எழுதினால் ஓர் இலக்கத்துக்கு இடம். எக்ஸ் என்றால் ஏதாவது ஓர் எழுத்துக்கு இடம். வி என்றால் தசமப் புள்ளி நிற்கும் இடம். அந்தப் புள்ளி கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, அது அங்கே இருப்பதாகப் பாவித்துக் கணக்கு நடக்கும். பழைய பேரேட்டில் ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே கட்டம் கிழித்த மாதிரிதான். இதனால் பணம் எப்போதும் பத்தின் அடுக்குகளிலேயே நிற்கிறது. பல மொழிகளில் பின்ன எண்களை இரும முறையில் வைப்பதால் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் சரியாக 0.3 வருவதில்லை, பதினேழாவது இலக்கம் போல எங்கோ ஒரு பிசிறு தங்கும். அறிவியல் கணக்கில் பாதகமில்லை. கோடிக்கணக்கான கணக்குகளுக்குத் தினமும் வட்டி போடும் இடத்தில் அந்தப் பிசிறு கடைசியில் ஐந்தொகையில் வந்து நிற்கும். பிசிறில்லாத தசமக் கணக்குக்கான வசதி ஜாவா உட்பட இன்றைய மொழிகளிலும் உண்டு, ஆனால் நிரலர் நினைவு வைத்துக்கொண்டு கேட்டு வாங்க வேண்டும். கோபோலில் அது இயல்பு.

1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரலை ஆர்சிஏ 501, யூனிவாக் 2 என்ற இரண்டு வேறு நிறுவன இயந்திரங்களிலும் ஓட்டிக் காட்டினார்கள். அதே ஆண்டில்தான் அதற்குக் கல்லறையும் தயாரானது. குழுவின் இழுபறியில் சலித்துப்போன பிரோம்பர்க், கோபோல் என்று பெயர் பொறித்த கல்லறைக் கல் ஒன்றை வாங்கி சார்லஸ் பிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கல் இன்று கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொழியைக் காப்பாற்றியது அரசின் பணப்பை. கோபோல் ஓடாத கணினியை வாங்குவதில்லை என்ற நிலையைப் பாதுகாப்புத் துறை எடுத்ததும், எல்லாத் தயாரிப்பாளர்களும் கம்பைலர் எழுதினார்கள். பிறகு 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. சிறியது முதல் பெரியது வரை அந்த வரிசையின் இயந்திரங்கள் ஒரே கட்டளைத் தொகுதியைப் பேசின. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு தலைமுறை மெயின்ஃபிரேமும் முந்தையதற்கு எழுதிய நிரலை ஏற்கும்படி கட்டப்பட்டது. ஆகவே கோபோலின் ஆயுளை மொழியின் சிறப்புக்கு மட்டும் வரவு வைப்பது தவறு. அடியில் இருந்த இயந்திரம் அறுபது ஆண்டுகளாகத் தன் வாக்கைக் காப்பாற்றியது. மேலே இருந்த நிரலை யாரும் தொட வேண்டிய கட்டாயம் வரவில்லை.

தொடாமல் விட்டார்கள் என்றால் அப்படியே விட்டார்கள் என்று அர்த்தமில்லை. சட்டம் மாறும்போது, வரி விகிதம் மாறும்போது, ஒரு வங்கி இன்னொரு வங்கியை வாங்கும்போது, நிரலில் இரண்டு வரி சேரும். ஒரு பழைய கோப்பமைப்பைப் பிரித்துப் பார்த்தால் இது தெரியும். தொடக்கத்தில் எதிர்காலத்துக்கென்று ஃபில்லர் என்ற பெயரில் காலி இடம் விட்டிருப்பார்கள். பத்தாண்டு கழித்து ஒருவர் அதில் நான்கு எழுத்தை எடுத்து ஒரு புதிய குறியீட்டை நுழைத்திருப்பார். இன்னும் பத்தாண்டு கழித்து இன்னொருவர், அதே இடத்தை வேறு விதமாக வாசிக்கலாம் என்று ரீடிஃபைன்ஸ் போட்டு மறுவரையறை செய்திருப்பார். அந்தக் குறியீடு ஆறாக இருந்தால் மட்டும் அபராத வட்டி இல்லை என்று நடுவில் ஒரு நிபந்தனை இருக்கும். அந்த ஆறு எதற்காக வந்தது என்பதற்கு வேறெங்கும் சான்று இருக்காது. ஆவணம் எழுதியவரும் போய்விட்டார், ஆவணமும் போய்விட்டது. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் 6 கோடி வரிகளுக்கு மேல் கோபோல் இருந்ததாக அரசின் அறிக்கைகள் சொல்லியிருக்கின்றன. அந்நாட்டு வருமான வரித் துறையின் தனிநபர் மூலக் கோப்பு 1960களில் அசெம்பிளியிலும் கோபோலிலும் எழுதப்பட்டது. அந்த வரிகளில் இருப்பது நாடாளுமன்றங்கள் நிறைவேற்றிய சட்டங்களின் நடைமுறை வடிவம். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் மராட்டியர் ஆட்சிக்கால நிர்வாகக் கணக்குகள் மராத்தி எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. மோடி இன்று யாரும் கடிதம் எழுதப் பயன்படுத்தும் எழுத்தல்ல. ஆனால் அந்தக் கட்டுகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மோடி வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். கோபோலின் நிலை இன்னும் நெருக்கடியானது; அந்தக் கட்டுகள் இன்று இரவும் ஓய்வூதியம் கணக்கிட்டாக வேண்டும்.

இந்த வாசிப்புத் தொழிலுக்குச் சென்னை ஒரு தலைநகரமானது தற்செயல் அல்ல. இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் தொடக்கத்திலேயே இந்த வேலை இருக்கிறது. 1970களின் நடுவில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் பரோஸ் நிறுவனத்துக்காகச் செய்த முதல் வேலைகளில் ஒன்று, மருத்துவமனைக் கணக்கு நிரல் ஒன்றைப் பரோஸின் ஒரு வகைக் கணினிக்குரிய கோபோலிலிருந்து அதே நிறுவனத்தின் இன்னொரு வகைக் கணினிக்குரிய கோபோலுக்கு மாற்றுவது. பொது மொழி என்று பெயர் வைத்து 15 ஆண்டுகளுக்குள், ஒரே நிறுவனத்தின் இரண்டு இயந்திரங்களுக்கு இடையிலேயே மொழிபெயர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது. 1959இன் கனவு பாதிதான் நிறைவேறியது என்பதற்கு இது சான்று. அந்தப் பாதிக் குறைதான் இங்கே ஆயிரக்கணக்கானோருக்கு வேலையானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரிய அலை 2000ஆம் ஆண்டுச் சிக்கலோடு வந்தது. துளை அட்டையில் இருந்தது 80 பத்திகள். ஆண்டுக்கு நான்கு இலக்கம் ஒதுக்கினால் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு பத்தி வீண். நினைவகமும் விலை உயர்ந்த பொருள். ஆகவே 1965 என்பதை 65 என்று எழுதினார்கள். அன்றைய நிலையில் அது சரியான சிக்கனம். அந்த நிரல்கள் நூற்றாண்டின் கடைசிவரை ஓடும் என்று எழுதியவர்கள் நினைக்கவில்லை என்பதே பிழை. 1990களின் பிற்பகுதியில் உலகெங்கும் இதைத் திருத்த 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை செலவாகும் என்று கார்ட்னர் நிறுவனம் மதிப்பிட்டது. அமெரிக்காவில் அத்தனை வரிகளையும் வாசிக்க ஆள் இல்லை. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் இதற்கென்றே சென்னையில் ஒரு நிரல் தொழிற்சாலையை அமைத்தது. 1994இல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட் வளர்ந்ததில் இந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. பயிற்சி நிலையங்களில் இயற்பியல், வணிகவியல் படித்தவர்களும் சில மாதங்களில் கோபோல், மெயின்ஃபிரேமில் வேலைகளை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல், உடனடிப் பரிவர்த்தனைகளைக் கவனிக்கும் சிஐசிஎஸ் என்று கற்றுக்கொண்டு வெளியே வந்தார்கள். டைடல் பார்க் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது அதற்குள் போய் உட்கார ஒரு தலைமுறை தயாராக இருந்தது.

அந்த வேலையைப் பழுது பார்க்கும் எளிய வேலை என்று தாழ்த்திப் பேசும் வழக்கம் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேதி இருக்கும் இடமெல்லாம் தேதி என்று பெயர் போட்டிருந்தால் கருவிகளே தேடி எடுத்துவிடும். டிடி, ஒய்ஒய் என்று இருந்தவற்றையும் எடுத்துவிடலாம். ஆனால் ஒரு பாலிசி எண்ணின் நடுவில் இரண்டு இலக்கமாக ஆண்டு ஒளிந்திருக்கும். ஒரு நிரல் தேதியை எடுத்துப் பெயரில்லாத இடத்துக்கு மாற்றி, அங்கிருந்து இன்னொரு நிரலுக்கு அனுப்பும். 99 என்பதை ஆண்டாக இல்லாமல், இனி பதிவுகள் இல்லை என்பதற்கான அடையாளமாக யாரோ வைத்திருப்பார்கள். இதையெல்லாம் கண்டுபிடிக்க அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று எப்படி பாலிசி எழுதுகிறது என்பதைச் சென்னையில் உட்கார்ந்து நிரலிலிருந்தே ஊகிக்க வேண்டும். பழைய கோபோலில் நிபந்தனை எங்கே முடிகிறது என்பதை ஒரு முற்றுப்புள்ளி தீர்மானித்தது. அது ஒரு வரி தள்ளிப் போட்டிருந்தால் கணக்கே மாறிவிடும். அந்தப் புள்ளியைத் தவறவிடாமல் காணும் பழக்கம் கல்வெட்டு வாசிப்பவரின் பழக்கத்துக்கு ஒப்பானது.

2000 பிறந்த பின் அந்தத் தொழில் முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். முடியவில்லை, இரவுப் பராமரிப்பாக மாறியது. நியூயார்க்குக்கும் சென்னைக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். அங்கே வங்கி மூடிய பிறகு கணக்குகளை மொத்தமாகப் போடும் பேட்ச் வேலைகள் இங்கே பகல் வேளையில் ஓடுகின்றன. நடுவில் ஒரு ஜாப் அபெண்ட் ஆனால், அதாவது பாதியில் விழுந்தால், அங்கே பொழுது விடிவதற்குள் காரணம் கண்டுபிடித்து மறுபடி ஓட்டிவிட வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் சாக் செவன் என்ற பிழை தெரியும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ வந்து நிற்கிறது என்று அதற்குப் பொருள். எந்தப் பதிவில், எந்த மேல்நிலை நிரல் அதை அங்கே போட்டது என்று பின்னோக்கித் தேடிப் போவதில்தான் திறமை இருக்கிறது.

இனி மறுப்புகள். மிகக் கடுமையானது எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுடையது. நெதர்லாந்தைச் சேர்ந்த அந்தப் பெரிய கணினி அறிஞர், கோபோல் மனத்தை முடமாக்குகிறது, அதைக் கற்பிப்பதைக் குற்றமாகவே கருத வேண்டும் என்ற பொருளில் 1975இல் எழுதினார். கோபோலின் குறைகள் கற்பனையல்ல. ஒரு துணைநிரலுக்குள் மட்டும் வாழும் மாறிகள் அன்றைய கோபோலில் இல்லை. எல்லாம் பொதுச் சொத்து, எங்கிருந்தும் எதையும் மாற்றலாம். கோ டு கட்டளை நிரலைச் சிக்கலாக்கியது போதாதென்று, அந்த கோ டு எங்கே போக வேண்டும் என்பதையே ஓட்டத்தின் நடுவில் மாற்றும் ஆல்டர் என்ற கட்டளையும் இருந்தது. 1985 தரநிலை நிபந்தனைகளுக்குத் தெளிவான முடிவுச் சொற்களைக் கொடுத்தது. 2002 தரநிலை ஆல்டரை நீக்கியது. இந்தத் திருத்தங்கள் வந்ததே டைக்ஸ்ட்ரா போன்றவர்களின் விமர்சனம் சரி என்பதற்கு ஒப்புதல். நிரலாக்கத்தின் அரிச்சுவடியாக ஒரு மாணவருக்குக் கோபோலைக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் அவர் பக்கம். ஆனால் அவர் மொழியை எடைபோட்டது, புதிய சிந்தனையை வடிக்கும் கருவியாக. ஏற்கெனவே வடித்து வைத்ததைக் காக்கும் ஏடாக அதைப் பார்க்க அவருக்குத் தேவை வரவில்லை. கணினி அறிவியல் துறைகள் கோபோலைப் பாடத்திட்டத்திலிருந்து மெல்ல விலக்கின. அதனால் அந்த மொழியில் எழுதியவை காணாமல் போகவில்லை, வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள்.

இரண்டாவது மறுப்பு, எப்படியும் எல்லாவற்றையும் புதிய மொழிக்கு மாற்றிவிடுவார்கள் என்பது. 1964இலேயே ஐபிஎம் கோபோலுக்கும் ஃபோர்ட்ரானுக்கும் மாற்றாக பிஎல்/1 மொழியைக் கொண்டுவந்தது. அது இரண்டையும் அகற்றவில்லை. முந்தைய ஆரூடங்கள் பொய்த்ததால் அடுத்ததும் பொய்க்கும் என்று வாதிடுவது பலவீனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாற்ற முடியும், மாற்றியும் இருக்கிறார்கள். காமன்வெல்த் பேங்க் ஆஃப் ஆஸ்திரேலியா தன் மைய வங்கி அமைப்பை முழுவதுமாக மாற்றியது. ஐந்து ஆண்டு பிடித்தது, 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவானது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இழப்பு 33 கோடி பவுண்டு. 2022இல் கிட்டத்தட்ட 4.9 கோடி பவுண்டு அபராதமும் விழுந்தது. மொழி எதுவானாலும், ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை இடம் மாற்றுவது எத்தகைய வேலை என்பதற்கு இவை இரண்டும் சான்று. மாற்றுவது என்று முடிவெடுத்த நாளிலிருந்துதான் பழைய நிரலை ஆழமாக வாசிக்கத் தெரிந்தவருக்குத் தேவை உச்சத்துக்குப் போகிறது. அந்த ஆறு என்ற குறியீட்டைப் புதிய அமைப்புக்குக் கொண்டுபோவதா விடுவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த வாசிப்பையும் இயந்திரமே செய்துவிடாதா என்பது இன்றைய மறுப்பு. ஐபிஎம் 2023இல் கோபோலை ஜாவாவாக மாற்ற உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறிவித்தது. வேறு நிறுவனங்களின் மொழி மாதிரிகளும் இதைச் செய்கின்றன. ஒரு பத்தியைக் கொடுத்து இது என்ன செய்கிறது என்று கேட்டால் நல்ல விளக்கம் கிடைக்கிறது. கற்பதற்கு இதைவிட நல்ல துணை முன்பு இருந்ததில்லை. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. வரிக்கு வரி மாற்றினால் ஜாவாவின் உடையில் கோபோல்தான் கிடைக்கும். துறையில் அதை ஜோபோல் என்பார்கள். அதைக் கோபோல்காரரும் வாசிக்க மாட்டார், ஜாவாக்காரரும் வாசிக்க மாட்டார். நிரல் என்ன செய்கிறது என்பதைக் கருவி சொல்லும். அப்படிச் செய்வது 1987இல் வந்த ஒரு விதியாலா, அல்லது ஒருவரின் கவனப் பிழை முப்பது ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டதா என்பது நிரலுக்குள் இல்லை. இரண்டு அமைப்புகளின் விடைகளையும் பக்கத்தில் வைத்து ஒரு பைசா வித்தியாசத்துக்குக் காரணம் சொல்லப் போகிறவர் இரண்டு மொழியையும் வாசித்தே ஆக வேண்டும். கருவிகளால் வாசிப்பவர்களின் எண்ணிக்கை குறையலாம். மிச்சமிருக்கும் ஒவ்வொருவரின் பொறுப்பும் கூடும்.

பணம் கொட்டும் என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று கேட்டார். உலகமே அதைச் செய்தியாக்கியது. அங்கே திணறியது பின்னால் இருந்த கோபோல் அல்ல, முன்னால் இருந்த ஜாவா வலைத்தளம் என்று தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் பிறகு எடுத்துக்காட்டினார். தவிரவும், மர்ஃபி கேட்டது தன்னார்வலர்களை, சம்பளத்துக்கு ஆட்களை அல்ல. இந்தச் செய்தியைக் காட்டிக் கோபோல் கற்றால் கொழுத்த சம்பளம் என்று இளைஞர்களிடம் சொல்வது அநியாயம். உலகின் வங்கிப் பரிமாற்றங்களில் இத்தனை விழுக்காடு, இத்தனை ஆயிரம் கோடி வரிகள் என்று சுற்றிவரும் எண்களையும் நான் சான்றாக எடுக்கவில்லை. அவற்றில் பல கோபோல் கருவிகளை விற்கும் நிறுவனங்களின் மதிப்பீடுகள். ஆள் பற்றாக்குறை உண்மை, ஆனால் நிறுவனங்கள் பொதுவாக அதற்காகப் புதியவரைத் தேடிப் பெரும் பணம் கொடுப்பதில்லை. கோபோலோடு காப்பீடோ, கடனோ, ஓய்வூதியமோ ஏதோ ஒரு தொழிலின் கணக்கும் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். அந்த அறிவு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே பட்டியலில் மெயின்ஃபிரேம் வந்த அந்தப் பட்டதாரிக்கு என் பதில் நிபந்தனையோடுதான் வரும். நிரலாக்கம் பற்றி அறிந்துகொள்ள விரும்பி முதல் மொழி தேடும் கல்லூரி மாணவர் கோபோலைத் தொட வேண்டியதில்லை. செயலி எழுத, ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கும் அது வேண்டாம். வேறு ஒரு மொழியில் ஓரளவு கைதேர்ந்து, பெரிய நிறுவனங்களின் கணக்கு உண்மையில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆர்வம் உள்ளவருக்கு அதைக் கற்பது நல்ல முதலீடு. இலக்கணம் சில வாரங்களில் வந்துவிடும். குனூகோபோல் என்ற இலவசக் கம்பைலரைச் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். 2020இல் ஓப்பன் மெயின்ஃபிரேம் புராஜெக்ட் திறந்த பாடத்திட்டம் ஒன்றையும் வெளியிட்டது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்துக்கு ஒரே மருந்து, நிரலோடு சேர்த்து அதில் உள்ள தொழிலையும் கற்பது. அமைப்பு மாறினாலும் வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற அறிவு கூடவே வரும். ஜேசிஎல் வரிகளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு எதுவும் வராது. புதியவர்களை இதில் அமர்த்தும் நிறுவனங்களுக்கும் இதில் கடமை இருக்கிறது. டிக்கெட் மூடுவதை மட்டும் சொல்லிக்கொடுத்து, எதற்காக அந்த நிரல் என்று சொல்லாமல் விடுவது அந்த இளைஞரின் ஆண்டுகளை வீணாக்குவது.

சென்னையின் 2000ஆம் ஆண்டுத் திருத்தங்களில் இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஆண்டை நான்கு இலக்கமாக விரிக்க வேண்டுமானால் கோப்புகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். அதற்கு நேரமும் பணமும் இல்லாத இடங்களில் சாளர முறை என்ற குறுக்குவழியைக் கையாண்டார்கள். இரண்டு இலக்கம் இரண்டாகவே இருக்கும். 00 முதல் 49 வரை வந்தால் 2000களில் சேர், 50 முதல் 99 வரை வந்தால் 1900களில் சேர் என்று நிரலில் ஒரு நிபந்தனை. எல்லை எங்கே என்பது இடத்துக்கு இடம் வேறுபட்டது. ஓரிடத்தில் 50, இன்னோரிடத்தில் 30 அல்லது 40. அன்றைக்கு அது போதும், அதற்குள் இந்த நிரல்கள் போய்விடும் என்று மறுபடியும் நினைத்தார்கள். 2020இல் கொடுத்த 30 ஆண்டு வீட்டுக் கடன் 2050இல் முடிகிறது. எல்லையை 50இல் வைத்த நிரல் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் கடன் 1950இலேயே முடிந்துவிட்டதாக அது வாசிக்கும். திருத்தியவர்களில் பலர் நிரலின் ஓரத்தில், கம்பைலர் பொருட்படுத்தாத 72ஆம் பத்திக்கு அப்பால், தேதியையும் ஒரு குறியையும் போட்டு வைத்திருக்கிறார்கள். தேட வேண்டிய இடம் அங்கிருந்து தொடங்குகிறது.